மூன்றரை வாட்டுக்கு ஸ்பீக்கர் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஓர் இளைஞர் 2ஏ3 என்ற கண்ணாடி வால்வை வைத்துத் தானே கட்டிய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார். டிரான்ஸ்ஃபார்மர்களின் கனத்தில் கை சிவந்திருந்தது. "சார், சத்தம் வருகிறது. ஆனால் உயிரே இல்லை" என்றார். கவிழ்த்துப் பார்த்தேன். சாலிடர் வேலை என் வேலையைவிடச் சுத்தம். வோல்ட்டேஜ் எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. எந்த ஸ்பீக்கர் என்று கேட்டதும் கைபேசியில் விவரத்தாளைக் காட்டினார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் ஏமாந்த அதே வகைத் தாள்.

பிளஸ் மைனஸ் மாற்றி இணைப்பது, எரியும் வால்வைத் தொட்டு விரல் சுட்டுக்கொள்வது போன்றவற்றை எழுதப் போவதில்லை. அவற்றுக்கு ஒரு தடவையிலேயே புத்தி வந்துவிடும். வருடக்கணக்கில் பிடிபடாத தவறுகள்தான் பணத்தைத் தின்கின்றன.

வாட் குறைவு என்று பயப்படுவது

2ஏ3 வால்வு ஒன்று தருவது மூன்றரை வாட். அதைவிடப் பெரிய வால்வான 300பி தருவது எட்டு வாட். இவை 1930களின் வால்வுகள். அந்தக் காலத்தில் டாக்கீஸ் அரங்குகளையே சில வாட்டில் ஒலிக்க வைத்தார்கள். திரைக்குப் பின்னால் ஆள் உயர ஹார்ன் கூம்புகள் நின்றதால் அது முடிந்தது. கோயில் கொடையில் பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் பக்கத்து ஊரை எழுப்புவதும் கூம்பின் வேலைதான்.

விவரத்தாளில் உள்ள டெசிபெல்லை அப்படியே நம்புவது

ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் போடும் என்பதைத்தான் தாளில் டெசிபெல்லாகப் போடுவார்கள். என் பணமும் எட்டு மாதமும் போனது இதில்தான்.

நான் வாங்கிய ஸ்பீக்கரின் தாளில் "92 டெசிபெல்" என்று பெரிதாகவும், "4–8 ஓம்" என்று அதற்குக் கீழேயும், "2.83 வோல்ட், 1 மீட்டர்" என்று எறும்பு எழுத்திலும் போட்டிருந்தது. 92 வால்வுக்குப் போதும் என்று யாரோ சொன்னதை நம்பிக் கடன் வாங்கி வாங்கினேன்.

அந்த எறும்பு எழுத்தில்தான் சூது. 2.83 வோல்ட்டை 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் அது ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் இரண்டு வாட். இரண்டு வாட்டில் அளந்த 92, ஒரு வாட்டுக்கு 89 ஆகிவிடும். இருநூறு வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவருக்கு அந்த மூன்று டெசிபெல் பொருட்டல்ல. நமக்கோ பாதி ஆம்ப்ளிஃபயர் காணாமல் போன கணக்கு. மூன்றரை வாட் என்பது ஒரு வாட்டைவிட 5.4 டெசிபெல்தான் அதிகம். 89 உடன் சேர்த்தால் ஒரு மீட்டரில் 94. மூன்று மீட்டர் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்தால், இரண்டு ஸ்பீக்கர், அறைச் சுவர்களின் உதவி எல்லாம் சேர்ந்தும் சுமார் 90. பாட்டுக்கு அது போதும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் அடி சராசரியைவிடப் பதினைந்து, இருபது டெசிபெல் எகிறும். அங்கே ஆம்ப்ளிஃபயர் முட்டிக்கொள்ளும்.

அதோடு போயிருந்தால் சத்தத்தைக் குறைத்துக் கேட்டுக் காலம் தள்ளியிருப்பேன். ஆனால் குறைந்த சத்தத்திலும் வயலின் கீச்சிட்டது, மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் எழும் கும்கி பஞ்சில் விழுந்தது போல அமுங்கியது. வால்வை மாற்றினேன். சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறிக் கப்பாசிட்டர் வாங்கி மாற்றினேன். இணைப்புக் கம்பியை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நன்றாகக் கேட்டது போலிருக்கும். செலவு செய்த காதுக்கு அப்படித்தான் கேட்கும்.

கடைசியில்தான் இம்பீடன்ஸை, அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஸ்பீக்கர் காட்டும் தடையை, அளந்தேன். தாளில் "4–8" என்றிருந்த ஸ்பீக்கர் 150 ஹெர்ட்ஸ் பக்கம் 3 ஓமுக்கு இறங்கியது. தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் இருக்கும் 2000 ஹெர்ட்ஸ் பக்கம் 25 ஓமுக்கு ஏறியது. 2ஏ3-இன் உள்தடை சுமார் 800 ஓம். 2500 ஓமை 8 ஓமாக மாற்றும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கடந்து வரும்போது அது ஸ்பீக்கர் பக்கம் இரண்டரை ஓமாகத் தெரியும். சுற்றுக் கம்பியின் தடையையும் சேர்த்தால் 3 ஓம். ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துத் திருத்தும் சுற்று) இல்லாத ஆம்ப்ளிஃபயரில் இதைத் தவிர்க்க வழியில்லை. ஆக, ஸ்பீக்கர் 3 ஓமாக இருக்கும் இடத்தில் வோல்ட்டேஜில் பாதி ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. 25 ஓமாக இருக்கும் இடத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டுக்கும் இடையே 5 டெசிபெல் வித்தியாசம். யாரோ வந்து டிரெபிள் குமிழைத் திருகி வைத்துவிட்டுப் போனது போலத்தான். இதை எந்தக் கப்பாசிட்டர் சரி செய்யும்?

ஸ்பீக்கரை டிரான்ஸ்ஃபார்மரின் 4 ஓம் முனைக்கு மாற்றினேன். உள்தடை பாதியாகி, கீச்சு கொஞ்சம் அடங்கியது. தனி ஆவர்த்தனம் அப்போதும் முட்டியது. ஸ்பீக்கரைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஒன்று, கைபேசியில் ஒலி அலை எழுப்பும் செயலி, 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர், 2 வோல்ட் ஏசி வரம்பு உள்ள மல்ட்டிமீட்டர். ரெசிஸ்டரையும் ஸ்பீக்கரையும் தொடராக இணைத்து, ஆம்ப்ளிஃபயர் வெளியீட்டை 8 வோல்ட்டில் நிறுத்துங்கள். முதலில் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் 10 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு, அதன் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். 0.73 வோல்ட் காட்டினால் இணைப்பு சரி. பிறகு அங்கே ஸ்பீக்கரைப் போட்டு, அதன் முனைகளில் மீட்டரை வைத்து, 40 ஹெர்ட்ஸிலிருந்து பத்துப் பத்தாக ஏற்றிக்கொண்டே போங்கள். முள் 0.23-க்கு இறங்கினால் அங்கே 3 ஓம் பள்ளம். மலிவான மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் தப்பாகக் காட்டும். பரவாயில்லை, நம்மைக் கவிழ்க்கும் பள்ளம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் கிடக்கிறது.

வந்த இளைஞரின் ஸ்பீக்கரை இப்படி அளந்தோம். மீட்டர் 0.22 காட்டியது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெள்ளிக் கம்பி போட்டால் சரியாகுமா சார்?" என்று கேட்டார். நானும் அன்று இதையேதான் கேட்டேன், அதனால் திட்டவில்லை.

ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்ளிஃபயரை ஓட்டிப் பார்ப்பது

டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.

100 டெசிபெல் ஸ்பீக்கர் வந்ததும் கதை முடிந்தது என்று நினைப்பது

அடுத்த தலைவலி அங்கேதான் தொடங்குகிறது. பாட்டைப் பெரிதாக்கும் ஸ்பீக்கர் ஹம் சத்தத்தையும் (மின்சாரத்தின் ரீங்காரம்) அதே அளவு பெரிதாக்கும். ஆம்ப்ளிஃபயரில் 2.83 மில்லிவோல்ட் ஹம் கசிந்தால், 100 டெசிபெல் ஸ்பீக்கரில் ஒரு மீட்டரில் அது 40 டெசிபெல். பகலில் தெருச் சத்தத்தில் தெரியாது. இரவு பதினொரு மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தாலாட்டு கேட்க உட்காருங்கள், அப்போது தெரியும். 2ஏ3-இன் 2.5 வோல்ட் ஃபிலமென்ட்டை ஏசியில் எரிப்பவர்கள் ஹம்மைச் சமன்செய்யும் குமிழைச் சின்ன ஸ்குரூ டிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, சத்தம் மிகக் குறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். அப்போதும் கேட்டால் டிசிக்கு மாறுவதுதான் வழி. 300பி-இன் ஃபிலமென்ட் 5 வோல்ட் என்பதால் அதில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

முழு வீச்சு ஸ்பீக்கரைக் கைக்குக் கிடைத்த பெட்டியில் அடைப்பது

முழு வீச்சு என்றால் தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி எல்லாவற்றையும் ஒரே ஸ்பீக்கர் தருவது. லோதர், ஃபாஸ்டெக்ஸ் நிறுவனங்களின் இந்த வகை ஸ்பீக்கர்களில் கிராஸ்ஓவர் கிடையாது, சின்ன வாட்டுக்கு நல்ல துணை. ஆனால் பெரும்பாலானவற்றுக்குப் பின்புறம் நீண்ட ஹார்ன் கூம்போ பெரிய பெட்டியோ வேண்டும். சின்னப் பெட்டியில் அடைத்தால் டெலிபோன் பேசும்.

300பி வாங்கினால் எல்லாம் தீரும் என்று நம்புவது

மூன்றரை வாட்டிலிருந்து எட்டு வாட். 3.6 டெசிபெல்.