எத்தனை வருடம் விழும்? தண்டனையைக் கணக்கிடுவது எப்படி

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒருவரைப் பிடித்துவிட்டால் வீட்டார் முதலில் கேட்பது "ஆகக்கூட எத்தனை வருடம்?" என்றுதான். அந்த எண் பயம் காட்டும். கணக்குக்குப் பெரிதாக உதவாது.

குற்றப்பத்திரத்தில் பிரிவு இலக்கத்தைப் பாருங்கள். இரண்டு வயல்களில் நீர்ப்பம்பி களவெடுத்ததாக இரண்டு குற்றச்சாட்டு என்று வைப்போம். தண்டனைச் சட்டக்கோவை 367ஆம் பிரிவில் களவுக்கு ஆகக்கூடியது 3 வருடம். ஆனால் நீதவான் நீதிமன்றம் ஒரு குற்றத்துக்குப் பொதுவாக 2 வருடத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாது.

குற்றத்துக்கு 18 மாதம் வீதம் விதித்தால்? இரண்டும் ஏககாலத்தில் என்று நீதவான் கட்டளையிட்டால் 18 மாதம். அப்படிச் சொல்லாவிட்டால் ஒன்று முடியத்தான் மற்றது தொடங்கும்: 36 மாதம். பலர் இதை மறுவளமாக விளங்கி வைத்திருக்கிறார்கள். சட்டத்தரணி வாய்திறந்து கேட்கவேண்டிய இடம் இதுதான், ஏனெனில் 36 மாதமானால் ஒத்திவைத்த சிறைக்கும் (தண்டனை விதித்தும் உடனே உள்ளே அனுப்பாமல் நிறுத்திவைப்பது) வழியில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 303ஆம் பிரிவு, மொத்தம் 2 வருடத்துக்கு மேற்படாத சிறையையே ஒத்திவைக்க விடுகிறது. குறைந்தபட்சச் சிறை கட்டாயம் என்று சட்டம் சொல்லும் குற்றங்களுக்கும் அந்தச் சலுகை இல்லை.

ஒத்திவைத்தால் விடுதலை என்று நினைக்க வேண்டாம். ஒத்திவைப்புக் காலம் குறைந்தது 5 வருடம். அதற்குள் சிறைக்குரிய இன்னொரு குற்றத்தில் குற்றவாளியானால், அது சின்னக் கசிப்பு வழக்காக இருந்தாலும், பழைய தண்டனை திரும்ப எழும்பலாம்.

விளக்கமறியல் நாட்கள் தாமாகக் கழிபடும் என்று நம்பியிருக்காதீர்கள். முதல் நாள் திகதியை எழுதிவைத்து, தண்டனைக்கு முன் சட்டத்தரணி மூலம் மன்றுக்குச் சொல்லுங்கள். முதற்குற்றம், கொடுத்த நட்டஈடு, குடும்ப நிலை எல்லாம் அப்போதே பேச வேண்டியவை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் இவ்வளவு குறையும் என்று நிலையான அட்டவணை கிடையாது. யாராவது வாசலில் உறுதி தந்தால் நம்பாதீர்கள்.

கொலைக்கு மரண தண்டனைதான். 1976க்குப் பிறகு இலங்கையில் அது நிறைவேற்றப்படவில்லை. நடைமுறையில் நீண்ட சிறை. குற்றம் கொலையாகக் கணிக்கப்படாத உயிர்ப்பறிப்பு என்று தண்டனைச் சட்டக்கோவை 297ஆம் பிரிவுக்கு இறங்கினால் உச்சம் 20 வருடம்.

சட்டவிரோதமாக மரம் ஏற்றிய வழக்கில் தண்டத்தை விட வாகனம்தான் பெரிய இழப்பு. காட்டுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி டிராக்டர் பறிமுதலாகும். உரிமையாளர் வேறொருவர் என்றால், குற்றத்தைத் தடுக்கத் தான் எடுத்த முன்னெச்சரிக்கைகளை அவரே நிரூபிக்க வேண்டும். "எனக்குத் தெரியாது" என்பது போதாது. சாரதிக்கு என்ன சொல்லி அனுப்பினார், எப்படிக் கண்காணித்தார் என்பதற்குச் சாட்சி வேண்டும்.

மேன்முறையீட்டுக்கு 14 நாட்கள்தான். தீர்ப்பன்றே பதிவாளரிடம் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள்.