ஆண்ட்ராய்டு போனில் விளம்பர ஐடியை நீக்கிவிடுங்கள்

விளம்பர ஐடி என்பது, ஆப்களில் விளம்பரம் காட்டும் நிறுவனங்கள் உங்களை அடையாளம் காண உங்கள் போனுக்குத் தரப்பட்டிருக்கும் எண். அதை நீக்க, செட்டிங்ஸில் 'கூகுள்' பகுதிக்குள் போய் 'விளம்பரங்கள்' என்பதைத் திறந்து, 'விளம்பர ஐடியை நீக்கு' என்பதை அழுத்துங்கள். அரை நிமிட வேலை. சில போன்களில் 'அனைத்துச் சேவைகள்' என்ற தாவலுக்குள் ஒளிந்திருக்கும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'விளம்பரங்கள்' என்று தட்டினால் வந்துவிடும். அங்கேயே இருக்கும் 'ரீசெட்' போதாது. அது பழைய எண்ணுக்குப் பதில் புது எண்ணைத் தரும், அவ்வளவுதான்.

இந்த ஐடி போனில் உள்ள எல்லா ஆப்களுக்கும் ஒன்றே. அதனால்தான் கேம் ஆப்பும் டார்ச் ஆப்பும் தனித்தனியே திரட்டிய விவரங்களை, விளம்பர நிறுவனங்கள் ஒரே ஆளுடையது என்று கோத்துவிட முடிகிறது. நீக்கியபின் ஐடி கேட்கும் ஆப்புக்கு வெறும் பூஜ்ஜியங்கள்தான் போகும். எல்லோருக்கும் அதே பூஜ்ஜியங்கள் என்பதால் இந்த ஐடியை வைத்துக் கோக்க முடியாது.

விளம்பரம் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் வருவது இந்த ஐடியை வைத்து உங்களுக்கென்று பொறுக்கியெடுத்ததாக இராது. போன் நம்பரோ மின்னஞ்சலோ கொடுத்து லாகின் செய்த ஆப்களிடம் இந்த வித்தை பலிக்காது. அவற்றுக்கு அந்த நம்பரே அடையாளம். பிரவுசரில் குக்கி (இணையதளங்கள் அதில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு) வழியாக நடக்கும் கண்காணிப்பும் வேறு சங்கதி, அதை பிரவுசர் செட்டிங்ஸில்தான் அடைக்க வேண்டும். ஐபோனில் இதற்கு இணையானது 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் உள்ள 'டிராக்கிங்'. அதில் ஆப்கள் அனுமதி கேட்பதையே அணைத்துவிடலாம்.