பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ்: பூட்டபிள் பென்டிரைவ் செய்வது எப்படி?

பக்கத்து வீட்டு அக்காவின் மகன் தன் பழைய லேப்டாப்போடு வந்தான். உள்ளே விண்டோஸ் 10. அதன் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் அந்த லேப்டாப்பில் இல்லை. சரி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போட்டுத் தருகிறேன் என்று வாய் விட்டேன். அரை மணி நேர வேலைக்கு இரண்டு ராத்திரி போனது. தண்டையார்பேட்டையில் இன்னொருவருக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

லேப்டாப்பைப் பென்டிரைவிலிருந்தே பூட் செய்ய, அதாவது தொடங்க, 8 ஜிபி ஒன்று போதும். அதில் இருப்பதெல்லாம் அழியும், கல்யாண ஃபோட்டோக்களை முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் 'பெரிய' பென்டிரைவ் வேண்டாம். நான் வாங்கிய ஒன்று 64 ஜிபி என்று காட்டியது, உள்ளே இருந்தது 8 கூட இல்லை.

மின்ட் தளத்தில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். பழைய மெஷினுக்கு அதுதான் இலகு. ஐஎஸ்ஓ கோப்பு (முழு மின்ட்டும் ஒரே கோப்பாக) சுமார் 3 ஜிபி இருக்கும். அதை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்தாலோ, வின்ரார் வைத்துப் பிரித்துப் போட்டாலோ பூட் ஆகும் என்று நம்பாதீர்கள்.

ஐஎஸ்ஓவைப் பூட் ஆகும்படி பென்டிரைவில் எழுத ஒரு மென்பொருள் வேண்டும், நான் ரூஃபஸ்தான் சொல்வேன். ஒன்றிரண்டு எம்பிதான், நிறுவவே வேண்டாம். எட்சரும் நல்லதுதான், ஆனால் இந்த ஒரு வேலைக்கு 100 எம்பிக்கு மேல் இறக்க எனக்கு மனசு வரவில்லை. ரூஃபஸில் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்ததும் பக்கத்தில் உள்ள டிக் பொத்தானை அழுத்துங்கள். அது காட்டும் எஸ்எச்ஏ256 எண் (கோப்பின் கைரேகை மாதிரி) மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் கோப்பு பழுதாக இறங்கியிருக்கிறது. ஹாட்ஸ்பாட்டில் இறக்குபவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது.

இனி, என் முதல் ராத்திரியைத் தின்ற இடம்: ரூஃபஸில் 'பார்ட்டிஷன் ஸ்கீம்', அதாவது பென்டிரைவைப் பிரிக்கும் முறை. ஜிபிடி, எம்பிஆர் என்று இரண்டு இருக்கும். ஏதோ ஒரு வீடியோவில் ஜிபிடி வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். லேப்டாப் பென்டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை. கறுப்புத் திரை, பூட் டிவைஸ் இல்லை என்று ஒரு வரி. பையன் எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, புட்டுக்கிச்சா?" என்றான். ஐஎஸ்ஓவை மறுபடி இறக்கினேன், பென்டிரைவை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. காரணம் வேறு. மெஷின் பூட் ஆகும் முறை இரண்டு: பழைய பயாஸ், புதிய யூஇஎஃப்ஐ. அந்த லேப்டாப் பயாஸ் முறையில் பூட் ஆவது. ரூஃபஸில் ஜிபிடி வைத்தால் யூஇஎஃப்ஐ மெஷினுக்கு மட்டும்தான் எழுதும். உங்களுடையது எதுவென்று தெரிய விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து, 'பயாஸ் மோட்' வரியைப் பாருங்கள். லெகசி (பழைய பயாஸ் முறை) என்றிருந்தால் எம்பிஆர்தான். மின்ட்டைப் பொறுத்தவரை எம்பிஆர் வைத்து எழுதினால் பெரும்பாலும் இரண்டு வகையிலும் பூட் ஆகும், அதனால் நான் இப்போது வேறெதையும் தொடுவதில்லை.

ஸ்டார்ட் கொடுத்ததும் ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா (ஐஎஸ்ஓவை அப்படியே நகலெடுப்பது) என்று கேட்கும். ஐஎஸ்ஓ. பச்சைப் பட்டையில் 'ரெடி' என்று வந்தால் வேலை முடிந்தது. தொடங்கும் முன்பும் அதே 'ரெடி'தான் இருக்கும், குழம்ப வேண்டாம்.

அப்புறம் லேப்டாப்பை அணைத்து, பென்டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனு விசையை விடாமல் தட்டுங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. டெஸ்க்டாப் என்றால் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள். காசிமேட்டுக் கடல் காற்றுக்கு எங்கள் வீட்டு மெஷினின் முன்பக்க போர்ட் எப்போதோ துருப்பிடித்துவிட்டது. மின்ட் திரை வந்ததும் நிறுவ அவசரப்படாமல் வைஃபை, சவுண்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதுவரை ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றும் மாறாது.

பிற்சேர்க்கை: ஏசரில் எஃப்12 வேலை செய்யவில்லை என்று வியாசர்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் 'எஃப்12 பூட் மெனு'வை எனேபிள் செய்யுங்கள். பல ஏசர்களில் அது அணைத்தேதான் வருகிறது.

இன்னொன்று: டிடி முறையில் எழுதியவர்களுக்கு பென்டிரைவ் சில எம்பிதான் காட்டுகிறதாம். கெட்டுப்போகவில்லை. ரூஃபஸில் 'நான் பூட்டபிள்' தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுங்கள், முழு அளவும் திரும்பி வரும்.