டிரான்ஸ்ஃபரபிள் எல்சில டிஸ்க்ரெபன்சி வந்தா பண்ணக்கூடாத தப்புங்க

சரியான பேப்பர் குடுத்தா பணம் தர்றேன்னு பையரோட பேங்க் குடுக்கற உறுதிதான் எல்சி (லெட்டர் ஆஃப் கிரெடிட்). அதை அப்படியே சப்ளையர் பேருக்கு மாத்திக் குடுக்க முடிஞ்சா டிரான்ஸ்ஃபரபிள், பேப்பர் எல்சியோடயோ ஒண்ணுக்கொண்ணோ ஒத்துப்போகலன்னா அது டிஸ்க்ரெபன்சி. நடுவுல நின்னு வாங்கி விக்கிறவங்க, டிஸ்க்ரெபன்சின்னாலே சப்ளையர் மேல பழியப் போட்டுடுவாங்க. ஆனா நான் பார்த்ததுல நிறைய கேஸ்ல கோளாறு இவங்க மாத்தி வைக்கிற இன்வாய்ஸ்லதான் ஆரம்பிக்கும்.

சப்ளையர் அவரோட இன்வாய்ஸ் நம்பரை பேக்கிங் லிஸ்ட்லயும் ஒரிஜின் சர்டிஃபிகேட்லயும் போட்டிருப்பார், நீங்க அவர் இன்வாய்ஸை உருவிட்டு உங்க நம்பர் போட்டு ஒண்ணு வைப்பீங்க, ஆனா மத்த ரெண்டு பேப்பர்லயும் பழைய நம்பர் அப்படியே உக்காந்திருக்கும். பேங்க்ல செக் பண்றவர் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலன்னு எழுதிடுவார். அதனால டிரான்ஸ்ஃபர் பண்றப்பவே, இன்வாய்ஸ் தவிர வேற எதுலயும் இன்வாய்ஸ் நம்பரோ விலையோ வேண்டாம்னு சப்ளையர்கிட்ட கறாரா சொல்லிடுங்க.

இதைவிடப் பெரிய தப்பு, பேங்க் கூப்பிடும்போது "நாளைக்குப் பாத்துக்கலாம்"னு விடுறது. எல்சிக்கு பேங்க்குங்க பின்பத்துற சர்வதேச ரூல் யுசிபி 600, அதுல ஆர்டிகிள் 38 என்ன சொல்லுதுன்னா, பேங்க் முதல் தடவை கேட்டதுமே நீங்க இன்வாய்ஸ் மாத்திக் குடுக்கணும், உங்க இன்வாய்ஸால புதுசா டிஸ்க்ரெபன்சி வந்தா அதையும் முதல் தடவை கேட்டதுமே சரி பண்ணணும், இல்லன்னா சப்ளையர் குடுத்த பேப்பரை அப்படியே எல்சி ஓப்பன் பண்ண பேங்க்குக்கு அனுப்பிடலாம். சப்ளையர் பேரும் விலையும் நேரா பையர் கைக்குப் போயிடும், உங்க மார்ஜினும் காலி. அப்புறம் பேங்க்கோட சண்டை போட்டும் பிரயோஜனம் இல்ல, ரூல் அவங்க பக்கம்.

ஷிப்மெண்ட் ஆன 21 நாளுக்குள்ள பேப்பர் குடுக்கணும்னு மெயின் எல்சில (பையர் உங்க பேர்ல ஓப்பன் பண்ணது) இருந்தா, சப்ளையருக்கும் அதே 21 நாள் குடுக்காதீங்க. 12 நாள்னு குறைச்சுடுங்க, எக்ஸ்பைரி தேதியையும் முன்னாடி இழுங்க, ரெண்டுமே அலோவ்டுதான்.

இன்சூரன்ஸ் கணக்குல நல்ல அனுபவசாலிங்களே வழுக்குவாங்க. மெயின் எல்சி 1,00,000 டாலர், 110 சதவீதம் கவர் கேக்குது, அதாவது 1,10,000. நீங்க 80,000-க்கு டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டு அதே 110-ஐ விட்டா சப்ளையர் 88,000-க்குத்தான் பாலிசி எடுப்பார். அங்க 137.5 சதவீதம்னு ஏத்தணும்.

"பையர் ஃபோன்ல ஓகே சொல்லிட்டார்"னு நம்பி உக்காராதீங்க. வேய்வர், அதாவது டிஸ்க்ரெபன்சி இருந்தாலும் பரவாயில்லன்னு ஒத்துக்கறது, எல்சி ஓப்பன் பண்ண பேங்க் வழியாத்தான் வரணும், பையர் சரின்னாலும் அந்த பேங்க் ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. டைம் இருந்தா பேப்பரைத் திருத்தி மறுபடி குடுக்கறதுதான் நல்லது. லேட் ஷிப்மெண்ட் மாதிரி திருத்த முடியாத கேஸுக்கு மட்டும் வேய்வர் கேளுங்க, பில் ஆஃப் லேடிங் (கப்பல்ல சரக்கு ஏத்தினதுக்கான பேப்பர்) தேதில மட்டும் விளையாடாதீங்க, அது ஃப்ராடு.

ரிஜெக்ஷன் மெசேஜ் வந்தா தேதியப் பாருங்க. பேப்பர் குடுத்த மறுநாள்ல இருந்து 5 பேங்க் வேலை நாளுக்குள்ள, எல்லா டிஸ்க்ரெபன்சியும் ஒரே நோட்டீஸ்ல வந்திருக்கணும். ஆறாவது நாள் "இன்னொண்ணு கண்டுபிடிச்சோம்"னு வந்தா, யுசிபி 600 ஆர்டிகிள் 16-ஐக் காட்டி மறுத்து எழுதுங்க.