ஃபிக்ஸட் லேஅவுட்டா, ஃப்ளூயிட் லேஅவுட்டா? முதல் தளம் கட்டுபவர்களுக்கு

பக்கத்தின் அகலம் இத்தனை பிக்சல் என்று அடித்துச் சொல்லிவிட்டால் அது ஃபிக்ஸட். திரையில் இத்தனை சதவீதம் என்று விட்டால் ஃப்ளூயிட். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் குழப்பமே வருகிறது. கட்டுரை, செய்தி, குறிப்பு என்று மக்கள் உட்கார்ந்து வாசிக்கிற தளமாக இருந்தால், ஃப்ளூயிடாகத் தொடங்கி ஒரு உச்ச வரம்பு போட்டு நிறுத்துங்கள். அதை எப்படிச் செய்வது என்பதுதான் கீழே. ஹெச்டிஎம்எல் கோப்பில் சிஎஸ்எஸ் கோப்பை இணைக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், கோப்பில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

பழைய தளங்களில் 960 பிக்சல் என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். 1024 பிக்சல் அகலத் திரைகள் பரவலாக இருந்த காலத்தில், ஸ்க்ரோல்பாருக்கு இடம் விட்ட பிறகும் 960 வசதியாக அடங்கியது. 12, 16, 24 நெடுக்குப் பத்திகளாக மிச்சமில்லாமல் பிரியவும் செய்தது. போன்கள் வந்தபின் அந்தக் கணக்கு ஓடவில்லை. 2010இல் வலை வடிவமைப்பாளர் ஈதன் மார்காட் ஃப்ளூயிட் கிரிட், சுருங்கி விரியும் படங்கள், திரை அகலத்துக்கு ஏற்ப விதியை மாற்றும் மீடியா க்வெரி மூன்றையும் சேர்த்து ‘ரெஸ்பான்சிவ்’ என்று பெயர் வைத்தார். இன்று நாம் செய்வது அதன் தொடர்ச்சிதான்.

படி 1: வியூபோர்ட்

வியூபோர்ட் என்பது பக்கம் தெரியும் திரைப் பரப்பு. ஹெட் பகுதியில் வியூபோர்ட் மெட்டா டேக் போட்டு, அதில் விட்த்=டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேல்=1 என்று கொடுங்கள். இது இல்லாவிட்டால் போன் பிரவுசர் பக்கத்தை ஏறக்குறைய 980 பிக்சல் அகலமாக வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கும். யூசர்-ஸ்கேலபிள்=நோ என்பதை மட்டும் சேர்க்காதீர்கள். கண் சரியாகத் தெரியாதவர் பெரிதாக்கிப் படிப்பதை நாம் ஏன் தடுக்க வேண்டும்?

படி 2: பாக்ஸ்-சைஸிங்

எல்லா உறுப்புக்கும் பாக்ஸ்-சைஸிங்: பார்டர்-பாக்ஸ். பேடிங் எனும் உள் இடைவெளியையும் பார்டரையும் அகலத்துக்குள்ளேயே அடக்கச் சொல்வது இது. இல்லையென்றால் 360 பிக்சல் போனில் விட்த் 100% என்று கொடுத்து, இரு பக்கமும் 20 பிக்சல் பேடிங் வைத்த பெட்டி 400 பிக்சலாகி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

படி 3: உச்ச வரம்பு

உள்ளடக்கம் முழுவதையும் ஒரு டிவ்வுக்குள் போட்டு மூன்று வரி எழுதுங்கள்: மேக்ஸ்-விட்த்: 40ரெம், மார்ஜின்-இன்லைன்: ஆட்டோ, பேடிங்-இன்லைன்: 1ரெம். குறுகிய திரையில் இந்தப் பெட்டி தானாகச் சுருங்கும். அகலமான திரையில் 40ரெமில் நின்று நடுவில் உட்காரும். ஏன் பிக்சல் இல்லை? ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு. எழுத்தளவை மாற்றாத பிரவுசரில் 40ரெம் என்பது 640 பிக்சல். வாசகர் பிரவுசர் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் ரெமும் கூடவே வளரும், வரிக்கு இத்தனை சொல் என்ற கணக்கு குலையாது.

இங்கே தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு விஷயம். பல வழிகாட்டிகள் 65சிஹெச் போடச் சொல்லும். சிஹெச் என்பது அந்த எழுத்துருவில் 0 என்ற இலக்கத்தின் அகலம். நம் ‘ணை’யும் ‘கொ’வும் 0க்குள் அடங்கிவிடுமா? அடங்காது. அதனால் 65சிஹெச்சில் 65 தமிழ் எழுத்து வராது. உங்கள் எழுத்துருவில் உண்மையான ஒரு பாராவைப் போட்டு, வரிக்கு ஏழெட்டுச் சொல் வரும்வரை அகலத்தை மாற்றிப் பாருங்கள். எனக்குக் கண் உறுத்தாத அளவு அதுதான்.

படி 4: படங்கள்

மேக்ஸ்-விட்த்: 100%, ஹைட்: ஆட்டோ. அவ்வளவுதான்.

படி 5: இரண்டு பத்தி

என் நேரத்தை அதிகம் தின்றது இந்தப் படிதான். கட்டுரையும் பக்கப்பட்டையும் அருகருகே வர, கிரிட் எடுத்து, அதன் பத்தி அகலங்களாக 1எஃப்ஆர் 18ரெம் என்று எழுதுவீர்கள். முழுத் தளத்துக்கும் ஒரே டிவ் என்றால் 40ரெமில் இரண்டும் நெருக்கும், வெளிப்பெட்டியின் வரம்பை 64ரெம் அளவுக்கு உயர்த்திக்கொள்ளுங்கள். கணினியில் அழகாக இருக்கும். பிறகு ஒருநாள் கட்டுரைக்குள் நீளமான இணைய முகவரியோ ஒரே வரியில் ஓடும் நிரல் துண்டோ வரும். சன்னலைக் குறுக்கினால் பக்கம் முழுக்கப் பக்கவாட்டில் உருளும்.

காரணம்: 1எஃப்ஆர் என்பது ‘மீதி இடம்’ மட்டுமில்லை. உள்ளே இருக்கும் உடையாத பொருளின் அகலத்துக்குக் கீழே போகமாட்டேன் என்ற நிபந்தனையும் அதில் ஒளிந்திருக்கிறது. அதைக் கழற்ற, 1எஃப்ஆருக்குப் பதில் மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்) என்று எழுதுங்கள். கிரிட்டுக்குப் பதில் ஃப்ளெக்ஸ் பயன்படுத்தினால், கட்டுரை இருக்கும் குழந்தை உறுப்புக்கு மின்-விட்த்: 0. அப்புறம் நிரல் துண்டுக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ, நீள முகவரிகளுக்கு ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்.

யார் நீட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரியவில்லையா? எல்லா உறுப்புக்கும் சிவப்பில் 1 பிக்சல் அவுட்லைன் போட்டுப் பாருங்கள், ஆள் உடனே சிக்கிவிடுவார். பார்டர் போட வேண்டாம், அது இடத்தை எடுத்துக்கொண்டு கணக்கையே மாற்றிவிடும். வெளிப்பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிட்டன் கொடுத்து மூடி மறைப்பதும் வேண்டாம். பிதுங்கிய பகுதி வாசகருக்குத் தெரியாமலே போகும், உருட்டும்போது மேலேயே ஒட்டி நிற்கும் ஸ்டிக்கி தலைப்பு உள்ளே இருந்தால் அதுவும் ஒட்டாது.

இந்தச் சோதனைக்கெல்லாம் நான் எடுப்பது ஃபயர்ஃபாக்ஸ். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எம் தட்டினால் திரை அகலத்தை இழுத்து இழுத்துப் பார்க்கலாம். கிரிட் கோடுகளைக் காட்டும் கருவியும் அதில் நன்றாக இருக்கிறது. வெறும் அகலத்துக்காக, தயார்நிலை சிஎஸ்எஸ் தொகுப்பான பூட்ஸ்ட்ராப்பை இறக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் கன்டெய்னர் 540, 720, 960 என்று படிப்படியாகத் தாவும் ஃபிக்ஸட்தான்.

படி 6: மீடியா க்வெரி

முதலில் ஒரே பத்தியாக எழுதுங்கள். சன்னலை மெதுவாக விரித்துக்கொண்டே போங்கள். பக்கத்தில் பட்டை வைக்க இடம் இருக்கிறது என்று கண்ணுக்குப் படும் இடத்தில் மீடியா க்வெரியில் அந்த அகலத்தை மின்-விட்த் ஆகப் போட்டு இரண்டு பத்தியாக்குங்கள். எந்த போன் மாடலின் அளவையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

சரி, சுத்தமான ஃபிக்ஸட் எங்கேதான் உதவும்? மேலே பக்கப்பட்டைக்குக் கொடுத்த 18ரெம் ஃபிக்ஸட்தானே. அச்சிடப் போகும் ரசீதுக்கும் அதுவே சரி. வரம்பே இல்லாத ஃப்ளூயிட் வரைபடத்துக்கும் பெரிய விரிதாளுக்கும் பொருந்தும், அங்கே யாரும் வரி வரியாக வாசிப்பதில்லை.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் கணினியில் மட்டும் அடியில் ஒரு ஸ்க்ரோல்பார் வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். எங்காவது அகலத்துக்கு 100விடபிள்யூ (வியூபோர்ட் அகலம் முழுவதும்) போட்டிருக்கிறீர்களா என்று தேடுங்கள். அது வலப்பக்க ஸ்க்ரோல்பாரின் அகலத்தையும் சேர்த்துக் கணக்கிடும். 100% என்று மாற்றினால் போய்விடும். ஸ்க்ரோல்பார் உள்ளடக்கத்தின் மேலே மிதக்கும் கணினிகளில் இந்தக் கோளாறு தெரியாது என்பதால், ‘என் மெஷினில் சரியாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்.

அட்டவணை பிதுங்கினால் அதை மட்டும் ஒரு டிவ்வுக்குள் வைத்து ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ கொடுங்கள். கடைசியாக, சன்னலை 1280 பிக்சல் அகலத்தில் வைத்து 400% பெரிதாக்கிப் பாருங்கள். 320 பிக்சல் திரையில் பார்ப்பதற்குச் சமம் அது. அணுகல்தன்மை விதிகளான டபிள்யூசிஏஜி 2.1 கேட்பதும் இந்த அளவைத்தான்: அட்டவணை, வரைபடம் போன்றவை தவிர எதுவும் பக்கவாட்டில் உருளக்கூடாது.