கும்பகோணம் போய்த் திருந்தப் பார்த்தவன் செய்த தவறுகள்

நம் ஊரில் ஒரு மனிதன் திருந்த முடிவெடுப்பதற்கென்று மூன்று நாட்கள் உண்டு. புத்தாண்டு, பிறந்தநாள், அப்புறம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வரும் நாள். எனக்கு மூன்றாவதுதான் வேலை செய்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள் என்றார் டாக்டர். அதை "எங்காவது ஊருக்குப் போய்விட்டு வாருங்கள்" என்று நான் புரிந்துகொண்டேன்.

மூன்று நாள் கும்பகோணம் என்று முடிவானது. விடியற்காலையில் எழுவது, நடப்பது, கோயில் சிற்பங்களை நிதானமாகப் பார்ப்பது, டைரி எழுதுவது, செல்போனைத் தொடாமல் இருப்பது. திரும்பி வரும்போது வேறு ஆளாக வருவேன் என்று வீட்டில் அறிவித்தேன். "அது சரி, இப்ப இருக்கிற ஆள் மறக்காம கேஸ் புக் பண்ணிட்டுக் கிளம்பட்டும்" என்றாள் மனைவி.

வேறு ஆளாக வரவில்லை. ஆனால் ஒரு சின்னப் பயணத்தில் எத்தனை தப்பு செய்ய முடியுமோ அத்தனையும் செய்து பார்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: திட்டம் போட்டவன் ஒருவன், பயணம் போனவன் இன்னொருவன். இரண்டு பேருக்கும் அறிமுகமே இல்லை.

முதலில் பை. அதைக் கட்டியபோது நான் மனதில் வைத்திருந்தது ஐந்து மணிக்கு எழுந்து மகாமகக் குளத்தைச் சுற்றி ஓடும் ஒரு கட்டுடல் மனிதரை. அவருக்காக ஓட்டப் பயிற்சி ஷூ, ஸ்கிப்பிங் கயிறு, யோகா விரிப்பு, மூன்று தடிப் புத்தகங்கள். ஸ்லீப்பர் வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணம் இல்லாமல் கொண்டுபோகலாம் என்பது ரயில்வே விதி. ஆனால் எழும்பூர் படிக்கட்டில் அதைத் தூக்கிக்கொண்டு ரயில்வே ஏறாது, நாம்தான் ஏற வேண்டும்.

அதிலும் அந்த ஷூ இருக்கிறதே. கோயில் ஊருக்கு நாடா வைத்த ஷூ போட்டுக்கொண்டு போகிறவனுக்கு வேறு எதிரி வேண்டாம். ஒரு நாளைக்கு ஆறு கோயில் என்றால் ஆறு முறை அவிழ்த்து ஆறு முறை கட்ட வேண்டும். நான் அந்தப் பயணத்தில் செய்த ஒரே உடற்பயிற்சி அதுதான். மாட்டிக் கழற்றச் சுலபமான ஒரு பழைய செருப்பு, துண்டு, தண்ணீர் பாட்டில், கொஞ்சம் சில்லறை, அப்புறம் ஒரு ஜோடி பழைய சாக்ஸ். இவ்வளவு போதும். சாக்ஸ் எதற்கு என்பதற்குப் பிறகு வருகிறேன்.

டிக்கெட் விஷயத்தில் பலரும் செய்யும் தவறு, "தட்கலில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது. 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். குறைத்த பிறகும் இரண்டு மாதம் இருக்கிறது. அத்தனை நாளும் சும்மா இருந்துவிட்டு முந்தைய நாள் காலை 10 மணிக்கு ஏசிக்கும் 11 மணிக்கு ஸ்லீப்பருக்கும் திறக்கும் தட்கலை நம்புவது, பரீட்சைக்கு முந்தின இரவு புத்தகத்தைத் திறப்பது மாதிரி. 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் எடுக்கக் கணக்கில் ஆதார் சரிபார்த்திருக்கவும் வேண்டும். இது எனக்குத் தெரியவந்தது 10.58-க்கு.

இன்னொன்று, வெயிட்டிங் லிஸ்டையும் ஆர்.ஏ.சி.யையும் ஒன்றாக நினைப்பது. ஆர்.ஏ.சி. இருந்தால் வண்டியில் ஏறலாம், பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் பாதி உங்களுக்கு. இணையத்தில் எடுத்த டிக்கெட் பட்டியல் தயாரான பிறகும் முழுக்க வெயிட்டிங்கிலேயே இருந்தால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதைக் காட்டிக்கொண்டு ஏற முடியாது. நடு பெர்த் கிடைத்தவர்கள் இரவு 10 முதல் காலை 6 வரைதான் அதை விரித்து வைத்துக்கொள்ளலாம். எட்டரைக்கே விரித்துவிட்டுக் கீழே இருப்பவர் தயிர்சாதத்தைக் குனிந்து சாப்பிடும்படி செய்வது விதிப்படியும் தப்பு, மனிதாபிமானப்படியும் தப்பு.

நான் ஏறிய வண்டி கும்பகோணத்தை விடியுமுன்பே தொட்டுவிடும். ஐந்து மணிக்கு எழத் திட்டம் போட்டவனை ரயில் நான்கு மணிக்கே எழுப்பிவிட்டால் நல்லதுதானே. ரயில்வே உதவி எண்ணான 139-க்கு அழைத்துப் பதிவு செய்தால் இறங்க வேண்டிய இடம் நெருங்கும்போது நம் செல்போனுக்கு அழைப்பு வரும் வசதி இருக்கிறது. பதிவு செய்தேன். செய்துவிட்டு, திருந்துகிற மனிதன் அல்லவா, செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். கடைசியில் என்னை எழுப்பியது எதிர் பெர்த் பாட்டி. "தம்பி, கும்பகோணம் வந்துட்டுது. எறங்கலியா?" அவருக்குப் பேட்டரி தீரும் கவலை இல்லை.

இறங்கியதும் அடுத்த பாடம். அறையை நண்பகல் 12 மணியிலிருந்துதான் கொடுப்பார்கள் என்று பதிவுச் சீட்டிலேயே இருந்தது. நாலரை மணிக்குப் போய் நின்றால் வரவேற்பறை நாற்காலிதான் கிடைக்கும். விடியற்காலை போய்ச் சேருகிறவர்கள், சாவி வாங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கு வைக்கும் லாட்ஜா என்று முதலிலேயே போன் செய்து கேட்டுவிட வேண்டும். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து டைரியைத் திறந்து, "இன்று முதல்" என்று எழுதினேன். அடுத்த வார்த்தைக்கு முன் தூங்கிவிட்டேன்.

அறை கிடைத்துக் குளித்துக் கிளம்பியபோது மணி பன்னிரண்டே கால். தாராசுரம் பக்கத்திலேயே, சில கிலோமீட்டர்தான். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். தஞ்சைப் பெரிய கோயிலை 1987-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த யுனெஸ்கோ, 2004-இல் இதையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் அதோடு சேர்த்தது. இவ்வளவும் படித்துவிட்டுத்தான் போனேன். படிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று.

"உச்சி வெயில்ல வர்றீங்களே சார்" என்றார் ஆட்டோக்காரர், கொண்டுபோய் விட்ட பிறகு. "நடை சாத்திருப்பாங்க. நாலு மணிக்கு மேலதான்."

வெளியூர்க்காரர்களும் சென்னைக்காரர்களும் சோழ நாட்டில் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு இது. பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். சரி, சிற்பம் பார்க்கத்தானே வந்தோம், பிரகாரத்தைச் சுற்றலாம் என்று கால் வைத்தால் கருங்கல். எண்ணெய் காய்ந்த தோசைக்கல்லில் மாவுதான் இல்லை, நான் இருந்தேன். நந்திக்குப் பக்கத்தில், தட்டினால் ஸ்வரம் எழுப்பும் என்று சொல்லப்படும் கல் படிகள் இருக்கின்றன. தேயாமல் இருக்கக் கம்பிக் கூண்டு போட்டிருக்கிறார்கள். ஸ்வரம் எல்லாம் அன்று என் வாயிலிருந்துதான் வந்தது. சாக்ஸ் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

தேர் போல் சக்கரமும் குதிரையும் வைத்துக் கட்டிய அந்த முன்மண்டபத்தைச் சாய்ந்த வெயிலில் பார்க்க வேண்டும். ஆகவே கோயில் ஊரில் நாளை இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். காலை ஆறிலிருந்து பதினொன்று, மாலை நாலரையிலிருந்து இருட்டும்வரை. நடுவில் சாப்பாடும் தூக்கமும். இது சோம்பேறித்தனம் என்று நினைத்தீர்களானால், தெய்வமே அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறது என்பதை யோசியுங்கள்.

இரண்டாம் நாள் என் பேராசைக்கு. கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகத் தலங்கள் ஒன்பது இருக்கின்றன. ஒரே நாளில் ஒன்பதையும் முடித்தால் வாழ்க்கையில் ஏதோ ஒன்றை முடித்த மாதிரி இருக்கும் என்று தோன்றியது. வரைபடத்தில் எல்லாம் விரல்கடை தூரம். தரையில் இறங்கினால் சந்திரனுக்குரிய திங்களூர் திருவையாற்றுப் பக்கம் மேற்கே இருக்கிறது, கேதுவுக்குரிய கீழப்பெரும்பள்ளம் பூம்புகார்ப் பக்கம் கடலோரமாகக் கிழக்கே இருக்கிறது. சனிக்குரிய திருநள்ளாறு தமிழ்நாட்டிலேயே இல்லை, புதுச்சேரியின் காரைக்காலில் இருக்கிறது. நடுவில் அந்தப் பகல் நேரப் பூட்டு வேறு.

வாடகைக் காரில் கிளம்பினேன். மூன்றாவது கோயிலிலிருந்து நான் சாமியைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தேன். ஐந்தாவதில் டிரைவர், "சீக்கிரம் வாங்க சார், இப்ப விட்டா அடுத்தது சாத்திடுவான்" என்று பிரகாரத்துக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார். நானும் ஓடினேன். காலையில் ஓட வேண்டும் என்று போட்ட திட்டம் இப்படி நிறைவேறும் என்று எதிர்பார்க்கவில்லை. ஏழு கோயிலோடு இருட்டிவிட்டது. இப்போது யாராவது, திருவெண்காடு எப்படி இருந்தது என்று கேட்டால், கார் நிறுத்தும் இடம் பரவாயில்லை என்று சொல்ல முடியும். அவ்வளவுதான்.

வேண்டுதல் இருந்து, ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் விடியற்காலையிலேயே கிளம்பி, வழியும் நேரமும் அத்துப்படியான உள்ளூர் டிரைவரிடம் வரிசையை விட்டுவிட வேண்டும். மற்றவர்கள் மூன்று போதும் என்று வைத்துக்கொள்ளலாம். மீதி ஆறு எங்கேயும் போய்விடாது.

சாப்பாட்டில் செய்த தவறு சின்னது, ஆனால் வலித்தது. சர்க்கரையும் எண்ணெயும் தொடுவதில்லை என்ற விரதத்தைத் தொடங்க உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, நான் டிகிரி காபியின் ஊரைத் தேர்ந்தெடுத்தேன். நெடுஞ்சாலை நெடுக எந்த ஊரில் நிறுத்தினாலும் 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டு இருக்கிறது, உண்மையான கும்பகோணத்தில் உட்கார்ந்து வெந்நீர் குடித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பக்கத்து மேஜையில் இட்லிக்குக் கடப்பா ஊற்றினார்கள். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சேர்ந்த, இந்தப் பக்கத்துக்கே உரிய குழம்பு. நான் இட்லியை மட்டும் விழுங்கினேன். இரண்டாம் நாள் ராத்திரி பசி தாங்காமல் கடைத்தெருவில் என்னென்ன தின்றேன் என்ற கணக்கு டாக்டருக்கும் தெரிய வேண்டாம், மனைவிக்கும் தெரிய வேண்டாம். விரதத்தை வீட்டில் தொடங்குங்கள். வெளியூரில் அளவைக் குறைத்தால் போதும். "சர்க்கரை இல்லாம" என்று காபிக்குச் சொன்னால் முகம் சுளிக்காமல் போட்டுத் தருகிறார்கள். அதைக் கேட்க எனக்கு மூன்று நாள் ஆனது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, போட்ட திட்டமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. சுவாமிமலைக்குப் போய், தமிழ் வருடங்கள் அறுபதையும் குறிக்கும் அறுபது படி ஏறி இறங்கிவிட்டு, ஒரு சிற்பக்கூடத்தின் வாசலில் சும்மா எட்டிப் பார்த்தேன். உள்ளே வந்து பார்க்கச் சொன்னார் ஸ்தபதி. மெழுகில் செய்த சின்ன நடராஜர் ஒருவர் விரல் நகம் வரைக்கும் முழுதாக இருந்தார். அவர் மேல் காவிரி வண்டல் மண்ணை நைசாகக் குழைத்துப் பூசுகிறார்கள், காய்ந்ததும் இன்னொரு பூச்சு. பிறகு சூடுகாட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில்தான் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால் சிலை. அச்சு உடைந்துபோவதால் அதே சிலையை மறுபடி வார்க்க முடியாது, இன்னொரு மெழுகு வேண்டும். ஊற்றும்போது நடுவில் நிறுத்தக் கூடாது என்பதால் அந்த ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அதுவரை செல்போனைத் தொடவே இல்லை என்று பெருமையாக எடுத்துப் பார்த்தேன். காலையிலேயே சார்ஜ் தீர்ந்திருந்தது.

கடைசித் தவறு எல்லாவற்றுக்கும் அண்ணன். இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப டிக்கெட் எடுத்தபோது ஞாயிறு இரவு வண்டி வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டேன். புறப்படும் நேரம் 00.20. சாப்பிட்டுவிட்டு, பதினொன்றரைக்கெல்லாம் நிலையத்துக்குப் போய், நடைமேடையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். வண்டி வந்தது. என் பெர்த்தில் ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருந்தது. டிக்கெட் பரிசோதகர் என் சீட்டை விளக்கு வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்தார். "இது நேத்து ராத்திரி போன வண்டி சார்" என்றார்.

நள்ளிரவு 12 மணிக்குத் தேதி மாறிவிடுகிறது. ஞாயிறு 00.20 என்றால் சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கிளம்ப வேண்டிய வண்டி. நான் கடைத்தெருவில் விரதம் முறித்துக்கொண்டிருந்த அதே ராத்திரி. நேரம் 00 என்று தொடங்கினால், "எந்தக் கிழமை இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளப் போகிறேன்?" என்று உங்களையே கேளுங்கள். ஞாயிறு இரவு என்றால் டிக்கெட்டில் திங்கள் தேதி இருக்க வேண்டும். நாம் வராமல் விட்டு, வண்டியும் போய்விட்டால், உறுதியான டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. விமான டிக்கெட்டிலும் இதே கதைதான். அங்கே தொகை பெரிசு.

நள்ளிரவில் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பிடித்து, சென்னைப் பேருந்தின் கடைசி வரிசையில் யோகா விரிப்பைத் தலையணையாக வைத்துக்கொண்டேன். மூன்று நாளில் அது பயன்பட்டது அப்போதுதான். கோயம்பேட்டில் இறங்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தவனுக்கு, கண்டக்டர் கிளாம்பாக்கம் என்று சீட்டுக் கொடுத்தார். அதுவும் 2023 கடைசியில் அந்தப் புதுப் பேருந்து நிலையம் திறந்ததிலிருந்து மாறிவந்த விஷயம்தான். அங்கிருந்து வீட்டுக்கு ஆகும் நேரத்தைச் சேர்த்துக்கொள்ளாமல் காலை அலுவலகத்துக்குப் போய்விடலாம் என்று நம்புவது தனித் தவறு.

பக்கத்து இருக்கைக்காரரிடம் பவர் பேங்க் கடன் வாங்கிச் செல்போனுக்கு உயிர் கொடுத்தேன். விக்கிரவாண்டி தாண்டும்போது மனைவி அழைத்தாள்.

"என்னங்க, ரயில் எங்க வருது?"

"பஸ்ல வர்றேன்."

எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள்: "சரி, கேஸ் புக் பண்ணீங்களா?"