புவெனஸ் ஐரிஸில் நாலு நாள்: முதல்முறை ஜோடியாகப் போகிறவர்களுக்கு

அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸுக்கு டிக்கெட் தேடும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் கிழமையைப் பாருங்கள். அந்த ஊரில் பல நல்ல விஷயங்கள் கிழமைக்குக் கட்டுப்பட்டவை. சான் டெல்மோ தெருச் சந்தை ஞாயிற்றுக்கிழமைதான். பிளாசா தே மாயோ சதுக்கத்தில், காணாமல் போன பிள்ளைகளுக்காக அம்மாக்கள் சுற்றி வருவது வியாழன் பிற்பகல் மூன்றரைக்கு. மால்பா கலைக்கூடத்துக்குச் செவ்வாய் விடுமுறை, வேறு சில அருங்காட்சியகங்களுக்குத் திங்கள். குறுகிய பயணத்தில் இதைக் கவனிக்காமல் விட்டால் பூட்டிய கதவுகளைத்தான் படம் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

நானும் இவரும் நியூ ஜெர்சியிலிருந்து போனோம். கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து போன முதல் வெளிநாட்டுச் சுற்றுலா. அங்கே செய்த தப்புகளையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

படி 1: புதன் இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்புங்கள்

நியூயார்க்கிலிருந்து நேர் விமானத்தில் ஏறத்தாழ பதினொரு மணி நேரம். புதன் இரவு ஏறினால் வியாழன் காலை இறங்கிவிடலாம். ஞாயிறு இரவு ஏறினால் திங்கள் காலை வீடு. நாலு பகல், மூன்று ராத்திரி ஹோட்டல். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் அந்த ஊருக்கும் நேர வித்தியாசம் ஒன்றிரண்டு மணிதான் என்பதால் தூக்கம் கெடாது. நவம்பரில் வியாழக்கிழமை தொடங்கும் அமெரிக்கத் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்தும். நவம்பர் அங்கே வசந்தகாலம். நீலமும் ஊதாவும் கலந்த ஜகரண்டா பூக்கள் நடைபாதையெல்லாம் கொட்டிக் கிடக்கும். ஜனவரியில் போகாதீர்கள். புழுக்கம் தாங்காமல் ஊர்க்காரர்களே கடற்கரைக்கு ஓடிவிடுவார்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இந்த நாலு நாள் கணக்கு சரிவராது. தோஹா, துபாய் வழியாக, நடுவில் பிரேசிலிலும் ஒரு நிறுத்தம் என்று போக மட்டுமே ஒரு நாளுக்கு மேல் ஆகும். எட்டரை மணி நேர வித்தியாசம் வேறு. குறைந்தது ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.

இன்னொன்று: ஊருக்கு இரண்டு விமான நிலையங்கள். எசெய்சா நகரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஏரோபார்க்கே ஊருக்குள்ளேயே ஆற்றங்கரையில். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் மாறும்படி டிக்கெட் போட்டுவிட்டால் பாதி நாள் போச்சு.

படி 2: விசா, ஊசி

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டும். அமெரிக்கச் சுற்றுலா விசா வைத்திருப்பவர்களுக்கு 2025 ஆகஸ்டில் இதைத் தளர்த்தினார்கள். உங்களிடம் இருப்பது வேறு வகை அமெரிக்க விசா என்றால், டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் அர்ஜென்டினா தூதரகத்தின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். பத்து வருஷம் முன்னால் போன நண்பர் சொல்வதை நம்ப வேண்டாம்.

நிறைய பேர் கோட்டை விடுவது மஞ்சள் காய்ச்சல் ஊசியில். அர்ஜென்டினா உள்ளே விடும்போது கேட்காது, இந்தியா திரும்பும்போதுதான் கேட்கும். இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் அர்ஜென்டினாவும் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுசுக்கும் போதும்.

படி 3: ஆளுக்கு மூன்று எழுதுங்கள், ஆளுக்கு ஒன்றை அடியுங்கள்

தனித்தனியாக உட்கார்ந்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், மூன்று ஆசைகளை எழுதுங்கள். நான் எழுதியது: எல் அத்தெனேயோ புத்தகக் கடை, தியாட்ரோ கோலோன், டாங்கோ நடனம். இவர் எழுதியது: போகா ஜூனியர்ஸ் கால்பந்து ஸ்டேடியம், இறைச்சி, இகுவாசு அருவி. பிறகு அவரவர் பட்டியலில் ஒன்றை அவரவரே அடிக்க வேண்டும். மற்றவர் அடித்தால் சண்டை வரும், அனுபவத்தில் சொல்கிறேன்.

இவர் இகுவாசுவை அடித்தார். அது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, பிரேசில் எல்லையில் இருக்கிறது. விமானத்தில் போய்வந்தாலும் இரண்டு நாள் விழுங்கிவிடும். நாலு நாளில் அதைத் திணிக்கிறவர்கள் ஊரையும் பார்ப்பதில்லை, அருவியையும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. நான் கோலோனை அடித்துவிட்டு இன்றுவரை வருத்தப்படுகிறேன். 1908-இல் திறந்த ஓபரா அரங்கம் அது. பகலில் வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுகிறார்கள். நீங்கள் அடிக்காதீர்கள்.

படி 4: தங்கும் இடம்

முதல்முறை என்றால் ரெகோலெட்டா அல்லது பலெர்மோ. ரெகோலெட்டா அமைதி, நடந்தே பல இடங்களுக்குப் போகலாம். பலெர்மோவில் மரநிழல், சாப்பாட்டுக் கடைகள், ராத்திரிக் கலகலப்பு. ஒபெலிஸ்கோ தூணைச் சுற்றியுள்ள அலுவலகப் பகுதியில் அறை மலிவாகக் கிடைக்கும். ஆனால் இருட்டியதும் அந்தத் தெருக்கள் வெறிச்சோடிவிடும், ஜோடியாக நடந்து வர நன்றாக இருக்காது.

ஹோட்டல் கட்டணத்தில் 21 சதவீத வரி உண்டு. வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் காட்டி வெளிநாட்டுக் கார்டில் கட்டினால் அந்த வரி கிடையாது. கவுன்டரில் அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

படி 5: பணம்

இணையத்தில் பழைய கட்டுரைகளைப் படித்தால் கத்தை கத்தையாக டாலர் எடுத்துப் போய்க் கள்ளச் சந்தையில் மாற்றச் சொல்வார்கள். 2025 ஏப்ரலில் தனிநபர்களுக்கான டாலர் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு வங்கி விலைக்கும் கள்ளச் சந்தை விலைக்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. கார்டே போதும். அவசரத்துக்குக் கசங்காத, கிழியாத நூறு டாலர் நோட்டு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிதா தெருவில் ‘காம்பியோ, காம்பியோ’, அதாவது பணம் மாற்றலாம் என்று கூவுகிறவர்களைக் கண்டுகொள்ளாமல் நடங்கள்.

உணவகப் பில்லில் ‘குபியெர்த்தோ’ என்று ஒரு வரி இருக்கும். ரொட்டிக்கும் மேசைக்கும் போடுகிற கட்டணம் அது, டிப்ஸ் ஆகாது. டிப்ஸ் பத்து சதவீதம், முடிந்தால் அந்த ஊர்ப் பணமான பெசோவில் கையில் கொடுங்கள்.

படி 6: சாப்பாட்டு நேரத்துக்கு வயிற்றைப் பழக்குங்கள்

ராத்திரி ஏழு மணிக்கு உணவகத்துக்குப் போனால் கதவு சாத்தியிருக்கும். எட்டுக்குத் திறப்பார்கள், ஊர்க்காரர்கள் ஒன்பதரைக்குத்தான் வருவார்கள். மாலை ஐந்து மணிக்கு ஒரு காபியும் இரண்டு மெதியலூனாவும் உள்ளே போனால்தான் தாங்கும். பசியோடு நடக்கும்போதுதான் புருஷன் பெண்டாட்டிக்குள் வாக்குவாதம் ஆரம்பிக்கும்.

மெதியலூனா என்பது பிறை வடிவில், கைக்குள் அடங்குகிற ரொட்டி. சைவக்காரர்கள் கவனிக்க: இதில் இரண்டு வகை. ‘தே மந்தேகா’ வெண்ணெயில் செய்தது, கொஞ்சம் தடிமனாக, மேலே சர்க்கரைப் பாகு மினுங்கும். ‘தே கிராசா’ ஒல்லியாக, உப்பாக இருக்கும், விலங்குக் கொழுப்பில் செய்வது. பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

‘சின் கார்னே’, அதாவது இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் போதாது. முதல் நாள் நான் அப்படித்தான் சொன்னேன். பீட்சா வந்தது, மேலே ஹாம் துண்டுகள் விரித்து வைத்திருந்தார்கள். பரிமாறியவருக்கு என் முகம் ஏன் வாடியது என்று உண்மையிலேயே புரியவில்லை. அவர் கணக்கில் கார்னே என்றால் மாடு. அன்றிலிருந்து ‘சின் கார்னே, சின் போஷோ, சின் ஹமோன்’ என்று மந்திரம் மாதிரி மூன்றையும் சேர்த்துச் சொல்லப் பழகினேன். போஷோ என்றால் கோழி. இரட்டை எல் எழுத்தை அந்த ஊரில் ‘ஷ’ என்று உச்சரிப்பார்கள்.

சைவத்துக்குப் பஞ்சமில்லை. சோளம் அடைத்து, சோமாஸ் மாதிரி மடித்த உமிதா எம்பனாதா, அனலில் வாட்டிய ப்ரொவோலெத்தா சீஸ், வெங்காயம் குவித்த ஃபுகசெத்தா பீட்சா. கொரியெந்தெஸ் அவென்யூவின் பழைய பீட்சாக் கடைகளில் ஊர்க்காரர்களோடு நின்றுகொண்டே சாப்பிடுங்கள். பீட்சாத் துண்டின் மேல் ‘ஃபைனா’ என்று ஒரு மஞ்சள் துண்டை வைத்துத் தருவார்கள். கடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலை மாவு! நம்ம ஊர் அடைக்குத் தூரத்துச் சொந்தம்.

அசைவக்காரர்களுக்கு ஒரே குறிப்பு: இறைச்சி உள்ளே சிவப்பாக இருந்தால் பிடிக்காது என்றால் ‘பியென் கொசீதோ’ என்று சொல்லுங்கள். அடுப்படிக்காரர் முகத்தைச் சுளிப்பார், கண்டுகொள்ள வேண்டாம். சிமிச்சூரி சாஸில் காரம் எதிர்பார்க்காதீர்கள்.

படி 7: நாலு நாளை அடுக்குதல்

வியாழன். காலையில் அறை கிடைக்காது, பையை ஹோட்டலில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். பக்கத்துக் காபிக் கடையில் மெதுவாக உட்காருங்கள். பிற்பகல் மூன்றரைக்கு பிளாசா தே மாயோ. ஜனாதிபதி மாளிகையான இளஞ்சிவப்பு காசா ரொசாதாவுக்கு முன்னால், வெள்ளைத் தலைத்துணி கட்டிய வயதான பெண்கள் நடுவிலுள்ள தூணைச் சுற்றி மெதுவாக நடப்பார்கள். 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி, 1977-இல் நடக்க ஆரம்பித்தவர்கள். அந்தத் துணி முதலில் குழந்தைகளின் இடுப்புத் துணியாக இருந்தது. பலர் இன்று உயிரோடு இல்லை, நடை நிற்கவில்லை. நாங்கள் இரண்டு சுற்று பின்னால் நடந்தோம். இவர் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டார். அங்கிருந்து ஏ வழித்தடச் சுரங்க ரயிலில் ஏறுங்கள். 1913-இல் ஓடத் தொடங்கியது, தென் அமெரிக்காவிலேயே முதல் சுரங்க ரயில். அன்று இரவு சீக்கிரம் தூங்குங்கள்.

வெள்ளி. காலையில் ரெகோலெட்டா கல்லறை. கல்லறைக்கா என்று கேட்பார், அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். பளிங்கு மண்டபங்கள் வரிசையாக நிற்கும் சின்ன நகரம் அது. முன்னாள் ஜனாதிபதி பெரோனின் மனைவி எவா பெரோனின் சமாதி ‘துவார்த்தே குடும்பம்’ என்ற பெயரில் ஒரு ஒடுக்கமான சந்துக்குள் இருக்கும், கூட்டம் நிற்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அங்கிருந்து நடந்தால் சாந்தா ஃபே அவென்யூவில் எல் அத்தெனேயோ. 1919-இல் நாடக அரங்காகத் திறந்த கட்டடம். மேடை இருந்த இடத்தில் இப்போது காபிக் கடை, பால்கனிகளில் புத்தக அலமாரிகள்.

இரவு டாங்கோ. மேடை நிகழ்ச்சியோடு சேர்த்துச் சாப்பாடு விற்கும் இடங்கள் விலை அதிகம். ஒன்று பார்த்தால் போதும். ஊர்க்காரர்கள் கூடி டாங்கோ ஆடும் மிலோங்கா அரங்குக்குப் போவது வேறு அனுபவம். அங்கே யாரும் வந்து கை நீட்டிக் கூப்பிடுவதில்லை. தூரத்திலிருந்து கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைப்பார்கள், எதிராளியும் தலையசைத்தால் சம்மதம். இதற்குக் கபெசேயோ என்று பெயர். நாங்கள் ஒரே மேசையில் ஒட்டி உட்கார்ந்திருந்தோம், ஒருத்தர்கூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஜோடியாக உட்கார்ந்தால் ‘இவர்கள் தங்களுக்குள் மட்டும்தான் ஆடுவார்கள்’ என்று அர்த்தமாம். ஆடத் தெரியாத எங்களுக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று.

சனி. இவருடைய நாள். லா போகா பகுதியில் காமினீட்டோ தெருவும், நீலமும் மஞ்சளுமாக இருக்கும் போம்போனேரா ஸ்டேடியமும். மேட்ச் டிக்கெட்டுக்கு அலையாதீர்கள். பெரும்பாலும் கிளப் உறுப்பினர்களுக்கே போய்விடும். ஸ்டேடியத்திலுள்ள அருங்காட்சியகமே போதும். லா போகாவில் குடியேறிய இத்தாலியர்கள் கப்பல்களுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டைத்தான் வீடுகளின் தகரச் சுவர்களில் பூசினார்கள் என்பார்கள். டாக்ஸியில் போய் டாக்ஸியில் வாருங்கள், பகலில் மட்டும். கூட்டமுள்ள தெருக்களைத் தாண்டிப் படம் எடுக்கப் போகாதீர்கள். மாலையை பலெர்மோவின் ரோஜாத் தோட்டத்துக்கு விட்டுவிடுங்கள்.

ஞாயிறு. அறையைக் காலி செய்து பையை ஹோட்டலிலேயே வைத்துவிட்டு சான் டெல்மோ. தெஃபென்சா தெரு நெடுக வெள்ளிச் சாமான், பழைய சோடா பாட்டில்கள், ஓரமாக டாங்கோ இசைக்கருவியான பந்தோனியோன் வாசிக்கிறவர். பதினொன்றுக்கு முன் போனால் நடக்க இடமிருக்கும். விமானத்துக்கு நாலு மணி நேரம் முன்பே எசெய்சாவுக்குக் கிளம்புங்கள்.

படி 8: பையில் வைக்க வேண்டியவை

சாய்ந்த முள் உள்ள ஆஸ்திரேலிய வகை ப்ளக், இரண்டு. ஒன்று வாங்கினால் யார் ஃபோன் முதலில் என்று போட்டி வரும். தெரு ஓரத்தில் நின்று ஃபோனில் வரைபடம் பார்க்காதீர்கள், மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் உண்டு. கடைக்குள் போய்ப் பாருங்கள். சட்டையில் ஏதோ கொட்டியிருக்கிறது என்று யாராவது துடைக்க வந்தால், நன்றி சொல்லிவிட்டு நிற்காமல் நடங்கள்.

திரும்பும்போது துல்சே தே லேச்சே வாங்காமல் வர மாட்டீர்கள். நம்ம பால்கோவாவைக் கேரமல் நிறத்தில் குழைத்த மாதிரி. ஆனால் அது திரவக் கணக்கில் வரும், பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். நாங்கள் கைப்பையில் வைத்திருந்தோம். சோதனை மேசையில் ஜாடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். இவர் காவலரிடம் சைகையிலேயே அனுமதி கேட்டு மூடியைத் திறந்து, வரிசையை விட்டுத் தள்ளி நின்று, விரலால் வழித்து எனக்கொரு வாய், தனக்கொரு வாய்.